தலைசாய்க்க ஓர் இடம்

பொங்கல் விடுமுறை முடிந்து கடை திறக்கும் முதல் நாள், கணிப்பொறி பழுதுபார்ப்பவர்களுக்கு வேலை நிறைந்த நாள். கள்ளக்குறிச்சி நான்குமுனைச் சந்திப்பிலிருந்து பிரியும் சாலைகளில் டி.டி.பி. கடை, போட்டோ ஸ்டுடியோ, உரக்கடை, நெல் மண்டி என்று ஹார்டு டிஸ்க்கை நம்பிப் பிழைப்பு நடத்தும் இடங்கள் ஏராளம். ஆண்டு முழுக்கக் காலை முதல் இரவு வரை ஓடிக்கொண்டிருந்த டிஸ்க், நான்கைந்து நாள் ஓய்வுக்குப் பிறகு சுவிட்சைத் தட்டினால் எழுந்திருக்காது. “போன வாரம் வரைக்கும் நல்லாத்தாண்ணே ஓடிச்சு. ஆஃப் பண்ணி வெச்சதைத் தவிர ஒண்ணுமே பண்ணலை” என்பார் தூக்கிக்கொண்டு வருபவர். தன் பக்கம் தப்பில்லை என்பதற்குச் சாட்சியாக அவர் சொல்லும் அந்த ஒன்றே பல சமயம் காரணமாக இருக்கும். கடைக்காரர் அதைச் சொல்லிக் காட்டமாட்டார். காதருகே வைத்துச் சத்தம் கேட்பார்.

எந்திரம் என்றால் ஓட ஓடத் தேயும், ஓய்வு கொடுத்தால் நீடிக்கும் என்பது நம்முடைய பொதுப்புத்தி. பம்புசெட்டுக்கும் டிராக்டருக்கும் அது ஓரளவு பொருந்தும். ஹார்டு டிஸ்க்குக்குப் பொருந்தாது. அது ஓடும்போது பத்திரமாக இருக்கிறது. கண்டம் இருப்பது நிற்கும்போதும், நின்றது மறுபடி புறப்படும்போதும்.

ஓடுகிற டிஸ்க்கில், சுற்றும் தட்டில் தகவலை எழுதிப் படிக்கும் ஹெட் எதையும் தொடுவதில்லை. மேசைக் கணிப்பொறியின் மூன்றரை அங்குல டிஸ்க்கில் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. விளிம்பின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். தட்டோடு சேர்ந்து இழுபடும் காற்று, ஹெட் பதிந்திருக்கும் சிறு பீங்கான் துண்டின் அடியில் புகுந்து அதைத் தூக்கிப் பிடிக்கிறது. மேலிருந்து ஒரு மெல்லிய எஃகுத் தகடு அதைக் கீழே அழுத்துகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் ஹெட் மிதக்கிறது. இன்றைய டிஸ்க்குகளில் அந்த இடைவெளி 5 நானோமீட்டருக்கும் குறைவு. இருபது, இருபத்தைந்து அணுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிரம்பிவிடும் உயரம். தட்டு சுற்றும்வரை காற்று தாங்கும். தட்டு நின்றால் ஹெட் எங்கே போய் உட்காருவது?

ஹார்டு டிஸ்க்கின் எழுபது ஆண்டு வரலாற்றில் பொறியாளர்கள் இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறார்கள்.

1956-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே கூடத்திலிருந்து வந்த ராமாக், ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள பெட்டி. இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள்; அத்தனையும் சேர்ந்து கொண்டது 50 லட்சம் எழுத்துகள். அதில் ஹெட்டைத் தூக்கிப் பிடிக்கத் தனியாகக் கம்ப்ரெஸர் வைத்துக் காற்று ஊதினார்கள். 1961-இல் வந்த 1301 மாடலில் தட்டின் சுழற்சி எழுப்பும் காற்றே போதும் என்றானது. துணிச்சலான முடிவு 1973-இல் வந்தது. வின்செஸ்டர் என்ற செல்லப்பெயருடன் வெளியான 3340 மாடலில், ஹெட்டை மிக இலேசாக்கி, தட்டின்மீது வழுக்குப் பூச்சும் பூசி, நிற்கும்போது தட்டின் மேலேயே இறங்கிக்கொள்ள விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் ஹெட் இறங்கி உரசி நிற்கும். போடும்போது சற்று உரசியபடி ஓடி மேலெழும். பின்னால் வீட்டுக் கணிப்பொறிக்கு வந்த டிஸ்க்குகள் எல்லாம் அந்த வம்சத்தில் பிறந்தவை.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஏ.சி. அறைக்குள் நுழைந்த கம்ப்யூட்டர் சென்டர் காலத்தவர்களுக்கு இதன் நடைமுறை நினைவிருக்கும். சீகேட் எஸ்.டி.-225 போன்ற 20 எம்.பி. டிஸ்க்குகளில் கரண்ட் போனால் ஹெட்டைத் தாங்கும் கை எந்தத் தடத்தில் நிற்கிறதோ, அங்கேயே ஹெட் இறங்கிவிடும். அங்கே யாருடைய சம்பளப் பட்டியலோ இருக்கலாம். ஆகவே கணிப்பொறியை இடம் மாற்றுவதற்கு முன் டாஸ் திரையில் ‘பார்க்’ என்று தட்டச்சு செய்து, ஹெட்டை உள்விளிம்பிலுள்ள வெற்றுத் தடத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். காந்தமும் சுருளும் சேர்ந்து கையை இயக்கும் முறை வந்தபிறகு இந்தக் கட்டளைக்கு வேலையில்லாமல் போயிற்று. டிஸ்க் தானே ஹெட்டை ஓரங்கட்டக் கற்றுக்கொண்டது.

ஆனால் ஒதுங்கிய இடத்தில் ஒட்டிக்கொள்ளும் வியாதி அப்போதுதான் முற்றியது. தட்டில் அதிகமாக எழுத வேண்டுமானால் ஹெட் இன்னும் தாழப் பறக்க வேண்டும். தாழப் பறக்க வேண்டுமானால் தட்டு இன்னும் வழவழப்பாக இருக்க வேண்டும். இரண்டு வழவழப்பான பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, நடுவில் கொஞ்சம் ஈரமும் இருந்தால், பிரிக்க முடியாமல் பற்றிக்கொள்ளும். டிஸ்க்கில் வழுக்குப் பூச்சு ஏற்கெனவே இருக்கிறது. காற்றிலுள்ள ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது. ஒருநாள் நின்றால் பெரிதாகத் தெரியாது. நாள் கூடக்கூடப் பிடி இறுகும். உள்ளங்கைக்குள் அடங்கும் மோட்டாரால் அந்தப் பிடியிலிருந்து தட்டை விடுவிக்க முடியாது. உறுமும், திணறும், அடங்கும். டிஸ்க்கை மேசையில் இலேசாகத் தட்டுவது, தட்டு சுற்றும் திசையில் மணிக்கட்டால் சட்டென்று திருப்புவது போன்ற கைவைத்தியங்கள் எல்லாம் அக்காலத்தில் பிறந்தவை. சில நேரம் பலித்தன. பலிக்காத நேரத்தில் ஹெட் பிய்ந்து தட்டோடு போயிற்று.

பொறியாளர்கள் முதலில் கண்ட தீர்வு வேடிக்கையானது. பாடுபட்டு வழவழப்பாக்கிய தட்டில், ஹெட் இறங்கும் உள்வளையத்தை மட்டும் லேசர் கொண்டு வேண்டுமென்றே கரடுமுரடாக்கினார்கள். நுண்ணிய மேடுகளின் முனைகளில் ஹெட் நிற்கும், படியும் பரப்பு குறையும், ஒட்டாது. அடுத்த தீர்வு, தட்டின் மேல் இறங்கவே விடாமல் செய்தது. தட்டின் வெளிவிளிம்பை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் சாய்தளம். கை வெளியே வரும்போது அதன் நுனி சாய்தளத்தில் ஏறிக்கொள்ளும். ஹெட் எதன்மீதும் படாமல் தொங்கும். 1990-களின் பிற்பகுதியில் ஐ.பி.எம்.-இன் மடிக்கணினி டிஸ்க்குகள் வழியாகப் பரவிய இந்த முறைதான் இன்று நடப்பில் இருக்கிறது.

இதோடு ஒட்டும் வியாதி தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. சாய்தளம் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு: தட்டின் வேகம் விழுவதற்குள் ஹெட் அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும். ‘ஷட் டவுன்’ கொடுத்து முறையாக அணைத்தால் டிஸ்க் நிதானமாகக் கையை ஏற்றிவைக்கும். திடீரென்று கரண்ட் போனால், கையை நகர்த்த மின்சாரத்துக்கு எங்கே போவது? இந்த இடத்தில் எந்திரம் செய்வது, எத்தனை முறை யோசித்தாலும் வியக்கவைக்கும் காரியம். கரண்ட் போன பிறகும் தட்டு சுழல்வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அதுவரை மின்சாரம் தின்று சுற்றிய மோட்டார், இப்போது டைனமோவாக மாறி மின்சாரம் தருகிறது. தன் வேகத்தைத் தானே பறிகொடுத்து உண்டாக்கும் அந்தக் கடைசி மின்சாரத்தில், கை அவசர அவசரமாகச் சாய்தளத்தில் ஏறுகிறது. பிறகு தட்டு நிற்கிறது.

2012-இல் தமிழ்நாட்டில் கணிப்பொறி வைத்திருந்தவர்களுக்கு இது எத்தனை முறை நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். சென்னை தவிர்த்த மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்த ஆண்டு அது. கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. மணிக்கு மணி வந்து வந்து போகும் மின்சாரத்துக்கு நடுவே நெல் மண்டியில் பில் போட்டார்கள், டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்தார்கள். யு.பி.எஸ். பேட்டரிகளுக்கு முழுதாகச் சார்ஜ் ஏற நேரமில்லை. மானிட்டர் அணைவதற்குள் ‘சேவ்’ கொடுப்பதே பெரும்பாடு.

முறையாக அணைப்பதையும் திடீரென்று கரண்ட் போய் நிற்பதையும் டிஸ்க் தயாரிப்பாளர்கள் ஒன்றாக எண்ணுவதில்லை. ஹிட்டாச்சியின் டிராவல்ஸ்டார் மடிக்கணினி டிஸ்க்குகளின் விவரக் குறிப்பில், முறையாக ஏறி இறங்குவதற்கு 6 லட்சம் தடவை கணக்கு. அவசர ஏற்றத்துக்கு 20,000 தடவைதான். முப்பது மடங்கு வித்தியாசம். அவசரத்தில் கை நிதானமாக ஏறாது; சாய்தளத்தில் போய் மோதி ஏறும். பேட்டரி செத்து, நேரடியாகப் பிளக் பாயின்டில் ஓடும் பழைய மடிக்கணினிக்கு நாளுக்குப் பத்து முறை கரண்ட் போனால், அந்த 20,000 ஐந்தரை ஆண்டில் தீர்ந்துவிடும்.

முறையான ஏற்றமும் அளவு மிஞ்சினால் கெடுதிதான். மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் முன்பு விற்ற ‘கிரீன்’ வகை டிஸ்க்குகள் 8 விநாடி வேலையில்லாவிட்டால் ஹெட்டைச் சாய்தளத்தில் ஏற்றிவிடும். எட்டாவது விநாடியில் ஏறும், அடுத்த சில விநாடிகளில் ஆபரேட்டிங் சிஸ்டம் ஏதோ ஒரு வரியை எழுதக் கூப்பிடும், இறங்கும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி நடந்தால், 3 லட்சம் என்ற உத்தரவாதக் கணக்கு 104 நாளில் முடிந்துவிடும். 2007-இல் உபுண்டு லினக்ஸ் போட்டிருந்த மடிக்கணினிக்காரர்கள் தங்கள் டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவைத் திறந்து பார்த்து, ஏற்ற இறக்க எண்ணிக்கை எகிறிக்கொண்டிருப்பதைக் கண்டு அலறினார்கள். ஓய்வைத் தவணை முறையில் கொடுத்ததன் பலன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறினால் கதையில் வெளிக்காற்றும் நுழைகிறது. சாதாரண டிஸ்க்குகள் அடைத்து மூடிய பெட்டிகள் அல்ல. மேல்மூடியில் ஊசித்துவாரம் ஒன்று இருக்கும், ‘இதை மறைக்காதீர்’ என்ற எச்சரிக்கையோடு. உள்ளே வடிகட்டி. வெளிக்காற்றின் அழுத்தத்தோடு உள்காற்று சமப்பட வேண்டும் என்பதற்காக அது. பஸ்ஸில் மடிக்கணினியோடு மலையேறும் மாணவரின் பைக்குள், கொண்டை ஊசி வளைவுகளில் டிஸ்க் மெல்ல மூச்சை வெளியே விட்டுக்கொண்டு போகிறது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறையும். ஹெட்டைத் தாங்குவது காற்று என்பதால் காற்று மெலிந்தால் ஹெட் தாழும். பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு 3,048 மீட்டர், அதாவது பத்தாயிரம் அடி வரைதான் உத்தரவாதம். கல்வராயனின் உச்சிகளே நான்காயிரம் அடிச் சொச்சம்தான் என்பதால் உயரத்தால் ஆபத்தில்லை. ஈரம்தான் வில்லங்கம். மழைக்காலத்து மலைக்காற்றையும் அதே துவாரம்தான் உள்ளே விடுகிறது. உள்ளே ஈரத்தை உறிஞ்ச ஒரு சிறு பொட்டலம் இருக்கும். அதற்கும் கொள்ளளவு உண்டு. 2013-இல் எச்.ஜி.எஸ்.டி. நிறுவனம் ஹீலியம் அடைத்துத் துவாரமே இல்லாத டிஸ்க்கைக் கொண்டுவந்தது. அவை பெரும்பாலும் சர்வர் கூடங்களுக்குப் போயின. பள்ளிப் பிள்ளைகளின் பைக்கு வரவில்லை.

அந்தப் பைகளில் இருந்தவை பெரும்பாலும் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம். கல்வராயனின் மலையாளிப் பழங்குடியினர் பலரின் வீட்டில் நுழைந்த முதல் கணிப்பொறி அதுதான். மலை முழுவதும் மூன்று ஜாகீர்தார்களின் கையிலிருந்து அரசின் நிர்வாகத்துக்கு வந்ததே 1976-இல். வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு தனி வட்டமானது கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்த காலத்தை ஒட்டி. காகிதத்தில் தன் குடும்பத்தைப் பற்றி அதிகம் எழுதப்படாத ஒரு தலைமுறை, பிள்ளையின் மடிக்கணினியில் கல்யாணப் படம், கோவில் திருவிழா வீடியோ, சாதிச் சான்றிதழின் ஸ்கேன் பிரதி என்று சேர்த்துவைத்தது. 2012-இல் பிளஸ் டூ முடித்தவருக்கு இன்று முப்பது வயது தாண்டிவிட்டது. மடிக்கணினி பழசாகி, பேட்டரி போய், பீரோவில் துணிக்கு அடியில் கிடக்கிறது. அதன் டிஸ்க் சுற்றி எத்தனையோ வருடமாகியிருக்கும்.

அப்படி ஒன்று கடைக்கு வரும்போது நடப்பதைக் கவனிக்கலாம். பிளக் சொருகியதும் சன்னமாக ‘ஙீ... ஙீ’ என்று இரண்டு மூன்று முறை விசும்பிவிட்டு அடங்கினால் தட்டு சுற்றவில்லை என்று அர்த்தம். ஹெட் ஒட்டியிருக்கலாம், அல்லது மோட்டார் இறுகியிருக்கலாம். சுற்றிவிட்டு ‘டக், டக்’ என்று சீராக அடித்தால் வேறு கதை: தட்டில் வழிகாட்டியாகப் பதித்த குறிகளைப் படிக்க முடியாமல் கை ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் அலைகிறது. எந்தச் சத்தமும் இல்லையென்றால் போர்டு போயிருக்கும். அதுதான் மூன்றிலும் நல்ல செய்தி. “மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தீங்களா?” என்பது கடைக்காரரின் முதல் கேள்வி. “ஒரு பத்து தடவை போட்டேண்ணே” என்ற பதில் வந்தால் முகம் சுருங்கும். ஒட்டிய ஹெட்டை மோட்டார் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும், அதைப் பிடித்திருக்கும் தகடு கொஞ்சம் வளைந்திருக்கும்.

மூடியை இந்தக் கடைகளில் கழற்றுவதில்லை. கழற்றிய, செத்த டிஸ்க் ஒன்று பாடம் சொல்ல மேசையில் கிடக்கும். ஆறு நட்சத்திரத் திருகுகள், லேபிளுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஏழாவது. உள்ளே முகம் பார்க்கலாம் போன்ற தட்டு. ஓரத்தில் பல்போல் வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு, அதுதான் சாய்தளம். கையின் நுனியில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிகிற கரும்புள்ளி ஹெட். ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லை. ஹெட் சரியாக ஏறாத டிஸ்க்கில் அந்தப் புள்ளி சாய்தளத்தில் இருக்காது, தட்டின் நடுவழியில் படுத்திருக்கும். அதைத் தூக்க, தூசில்லா அறையும், ஹெட்டுகளைப் பிரித்துப் பிடிக்கும் சீப்பு போன்ற கருவியும், அதே மாடலில் இன்னொரு நல்ல டிஸ்க்கும் வேண்டும். சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்ப வேண்டும். செலவைச் சொன்னதும் மலையிலிருந்து வந்தவர் டிஸ்க்கைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

நிற்பதும் புறப்படுவதும்தான் கண்டம் என்பது கடைக்காரர்களின் அனுபவம் மட்டுமல்ல. 2007-இல் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சூட்டில் ஓடும் டிஸ்க் சீக்கிரம் சாகும் என்ற நம்பிக்கைக்கு அதில் பெரிய ஆதாரம் கிடைக்கவில்லை. செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டாமல் செத்திருந்தன. ஆனால் மூன்று ஆண்டு கடந்த டிஸ்க்குகளில், அதிகத் தடவை அணைத்துப் போட்டவற்றின் சாவு விகிதம் இரண்டு சதவீதப் புள்ளிக்கு மேல் கூடியிருந்தது. பழுதான எந்திரத்தைத்தான் அடிக்கடி அணைத்துப் போடுவார்கள், ஆகவே காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கலாம் என்று ஆய்வாளர்களே ஒரு சந்தேகத்தையும் எழுதிவைத்தார்கள்.

நின்ற எந்திரம் மறுபடி புறப்படுவதிலுள்ள கண்டத்தைக் கச்சிராயபாளையத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே இருக்கும் கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலை ஆண்டில் சில மாதம் அரவை செய்து, மீதி மாதம் நிற்கும். நிற்கும் காலத்தில் பிரித்து மேய்ந்து பராமரிப்பார்கள். அரவை தொடங்குமுன் பாய்லருக்கு இளஞ்சூடு ஏற்றுவது தனி விழா. பூஜை போட்டு, அதிகாரிகள் வந்து, சூட்டைப் படிப்படியாக ஏற்றுவார்கள். ஒரேயடியாக ஏற்றினால் குழாய் வெடிக்கும் என்பது தெரியும். ஹார்டு டிஸ்க்குக்குள்ளும் அப்படியொரு சடங்கு நடக்கிறது: முதலில் மோட்டார் முழு வேகத்தை எட்டும், காற்று உறுதிப்படும், பிறகுதான் கை சாய்தளத்தை விட்டு இறங்கும். ஆலையில் அந்தச் சடங்கைச் செய்ய மனிதர்கள் இருக்கிறார்கள், பராமரிக்க ஆறேழு மாதம் இருக்கிறது. டிஸ்க்கில் எல்லாம் சில விநாடி. சுவிட்ச் போடுபவருக்கு உள்ளே ஒரு சடங்கு நடப்பதே தெரியாது.

இப்போது கடைகளில் ஹார்டு டிஸ்க் கேட்டு வருபவர்களில் பெரும்பங்கு சிசிடிவி வைப்பவர்கள். அந்த டிஸ்க்குகள் நாள் முழுக்க, வருடக்கணக்கில் நிற்காமல் எழுதிக்கொண்டே இருக்கும். கணிப்பொறிக்கு எல்லோரும் எஸ்.எஸ்.டி. வாங்குகிறார்கள். தட்டு கிடையாது, கை கிடையாது, உட்கார இடம் தேடும் ஹெட் கிடையாது. மேசையிலிருந்து விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துவிடும். ஆனால் அதில் தகவல் இருப்பது சிறு சிறு அறைகளில் அடைத்த மின்னூட்டமாக. மின் இணைப்பு இல்லாமல் கிடந்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். ஜெடெக் அமைப்பின் தரநிலைப்படி, எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்துபோன சாதாரண எஸ்.எஸ்.டி., மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவலைக் காத்தால் போதும். புதியது அதைவிட வெகுகாலம் தாங்கும். வெப்பம் கூடினால் காலம் குறையும். மே மாதத்துக் கள்ளக்குறிச்சியில் மூடிய பீரோவுக்குள் 30 டிகிரி என்பது நடக்காத காரியம்.

“இதுல அந்த ஹெட்டு, ஒட்டுறது, அதெல்லாம் இல்லைதானே?” என்று கேட்டு வாங்குபவரிடம், நல்ல கடைக்காரர் பில்லோடு சேர்த்து ஒன்று சொல்லி அனுப்புவார்: “இல்லண்ணே. ஆனா எடுத்து உள்ள வெச்சுட்டு மறந்துடாதீங்க. மூணு நாலு மாசத்துக்கு ஒருதரம் சிஸ்டத்துல மாட்டிக் கொஞ்ச நேரம் கரண்ட் காட்டுங்க. போட்டோ எல்லாம் இன்னொண்ணுலயும் ஏத்தி வெச்சுக்குங்க.”

“சும்மா வெச்சிருக்கிறதுக்குமா கரண்டு?” என்பார் அவர், பணத்தை எண்ணிக்கொண்டே.